வாயில் நிலையும் பார்ப்பவர் நிலையும்

கண்ணாற் காண வேண்டியதைக் காதுக்குச் சொல்லும் பணி இன்று எனக்கு வாய்த்திருக்கின்றது. ஒளிப்படக் கலையைப் பற்றி வானொலியிற் பேசுவது, பந்தியில் இருப்பவருக்குப் பாயசத்தைச் சொல்லாற் பரிமாறுவது போன்றதே. ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருளில் ஒரு வசதி உண்டு. அதனை விளக்குவதற்குப் படம் எதுவும் வேண்டியதில்லை. ஒரு வாசல் போதும். நேயர்கள் எந்த அறையில் இருக்கின்றீர்களோ அந்த அறையின் வாசலை ஒருமுறை நோக்குங்கள். அதற்கு அப்பால் ஏதோ ஒன்று தெரியும். முற்றத்துத் துளசிமாடமாக இருக்கலாம். அயல்வீட்டு மதிலாக இருக்கலாம். கொடியிற் காயும் சேலையாகவும் இருக்கலாம். வாசலின் இரு பக்கத்து நிலைக்கால்களும் மேற்கட்டையும் அக்காட்சியை மூன்று புறமும் வளைத்து நிற்கின்றன. நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே அதனைக் கமராவிற் பிடித்தால், படத்தின் நான்கு ஓரங்களும் ஒரு சட்டம். அதனுள்ளே வாசல் இன்னொரு சட்டம். இவ்வமைப்பையே ஒளிப்படக் கலைஞர் சட்டத்துள் சட்டம் என்கின்றனர்.

எங்கள் பழைய நாற்சார் வீடுகளிற் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இஃது ஒரு புதுமை அன்று. உள்வீட்டில் இருக்கும் மூதாட்டி எழுந்து வராமலே, நடுமுற்றத்தைக் கடந்து, தலைவாசலைக் கடந்து, படலையைத் திறப்பவர் யார் என்று கண்டுகொள்வார். வாசலுக்குள் வாசலாக மூன்று வாசல்கள் ஒரே நேரிற் கிடக்கும். வருபவர் உறவினரா கடன்காரரா என்று அறிந்து, அடுப்பிற் கேத்திலை வைப்பதா வீட்டில் இல்லை என்று சொல்லுவிப்பதா என முடிவு செய்வதற்கு அந்தத் தூரம் போதியது. கோயிலிலும் இதே ஒழுங்குதான். கோபுர வாசலில் நிற்கும் அடியவருக்கு, ஒன்றினுள் ஒன்றாகச் சிறுத்துச் செல்லும் வாயில்களின் கடைசியில் மூலத்தானத்து விளக்கொளி ஒரு புள்ளியாகத் தெரிகின்றது. அத்தனை வாயில்களும் இல்லாமல் அந்த விளக்கு வெட்டவெளியில் வைக்கப்பட்டிருந்தால், அதனை நாம் அவ்வளவு உற்று நோக்கியிருப்போமா என்பது ஐயமே.

ஒளிப்படம் பயிற்றும் நூல்கள் இவ்வமைப்புக்கு வழக்கமாக மூன்று பயன்களைக் கூறும். பார்ப்பவரின் கண்ணை அலையவிடாமற் கருப்பொருளிற் சென்று தங்கச் செய்வது ஒன்று. தட்டையான தாளிலே அண்மை, சேய்மை என்னும் ஆழத்தைத் தோற்றுவிப்பது மற்றொன்று. வேண்டாத வானத்தையும் மின்கம்பிகளையும் மறைப்பது இன்னொன்று. மூன்றும் உண்மையே. எனினும் இவற்றை மட்டும் கற்றுக்கொண்டவர் எடுக்கும் படம் எப்படி இருக்கும் என்பதை நாட்காட்டிப் படங்களிற் காணலாம். கடற்கரைக் காட்சி ஒன்று; அதன் மேல் மூலையில் எங்கிருந்தோ வந்து தொங்கும் ஒரு தென்னோலை. அந்த ஓலை ஏன் அங்கே தொங்குகின்றது என்று கேட்டால், வெறும் வானமாக இருந்தது, ஆகையாற் சேர்த்தேன் என்பதே விடையாகும். கலியாணப் பந்தலுக்கு வாழை கட்டுவதற்கும் படத்துக்குள் ஒரு சட்டத்தை அமைப்பதற்கும் வேறுபாடு தெரியாதவர்கள் நம்மிற் பலர். நானும் நெடுங்காலம் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன்.

தமிழிலே கதவு பொருத்தப்படும் மரச்சட்டத்துக்கு நிலை என்று பெயர். ஒருவர் நிற்கும் இடமும், அவருடைய இருப்பும் நிலை என்றே சொல்லப்படுகின்றன. இந்தச் சொற்பொருத்தம் தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒளிப்படத்தில் அது முற்றும் பொருந்துகின்றது. வாசல் நிலையைப் படத்திற் சேர்த்துக்கொள்ளும் கணத்திலே, படம் எடுத்தவர் எங்கே நின்றார் என்பதும் படத்துள் வந்துவிடுகின்றது. வெளியில் நின்று உள்ளே பார்த்தாரா, உள்ளே நின்று வெளியே பார்த்தாரா, ஒளிந்து நின்று பார்த்தாரா, உரிமையோடு நின்று பார்த்தாரா என்பவற்றை அந்த நிலை சொல்லிவிடும். சட்டமில்லாத படம் இதோ பார் என்று ஒரு பொருளைக் காட்டுகின்றது. சட்டத்துள் சட்டம் அமைந்த படமோ, இங்கே நின்று பார் என்று நமக்கு ஓர் இடத்தையும் தருகின்றது. அகப்பொருள் இலக்கணத்தில், தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே நின்று பேசும் பாணன், தோழி முதலியோரை வாயில்கள் என்று அழைத்த மரபை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இடையில் நிற்பவருக்கு எந்தப் பக்கமும் தெரியும்.

இக்கலையின் பிறப்பிலேயே வாசலும் சாளரமும் இருக்கின்றன. இங்கிலாந்திலே லேக்கொக் அபி என்னும் பழைய மாளிகையில் வாழ்ந்த வில்லியம் ஹென்றி பொக்ஸ் டல்பற் என்பவர், 1835ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே தம் வீட்டின் சாளரம் ஒன்றைக் கடதாசியிற் பதித்தார். கமராவினாற் பதிக்கப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் நெகற்றிவ்களில் மிகப் பழையது அதுவே. அவர் பயன்படுத்திய சிறு மரப்பெட்டிகள் வீடெங்கும் வைக்கப்பட்டிருந்ததைக் கண்ட அவருடைய மனைவியார் அவற்றை எலிப்பொறிகள் என்று அழைத்தாராம். தபால் முத்திரையினும் சற்றே பெரிதான அந்தக் கடதாசித் துண்டில், சாளரத்தின் சிறு கண்ணாடிச் சதுரங்கள் ஏறக்குறைய 200ஐயும், முதலில் எடுத்தபொழுது, உருப்பெருக்கியின் துணையால் எண்ணக்கூடியதாக இருந்தது என்று டல்பற் அருகிற் குறித்து வைத்துள்ளார்.

அடுத்த ஒன்பது ஆண்டுகளில் அவர் சாளரத்திலிருந்து வாசலுக்கு வந்தார். 1844இல் எடுக்கப்பட்டு, 'இயற்கையின் தூரிகை' என நாம் பெயர்க்கக்கூடிய அவருடைய நூலில் ஆறாம் படமாக வெளிவந்தது 'திறந்த கதவு'. எனக்கு மிகவும் பிடித்த ஒளிப்படங்களில் அஃது ஒன்று. காட்சி மிக எளியது. கல்லாலான ஒரு வாசல். பாதி திறந்த மரக்கதவு. வாசலிலே சாய்த்து வைக்கப்பட்ட ஒரு தும்புத்தடி. சுவரில் தொங்கும் கைவிளக்கும் குதிரைக் கடிவாளமும். பக்கத்திலே படரும் கொடி. கதவுக்கு அப்பால் இருள். ஆனால் அந்த இருளை ஒரு கணம் உற்று நோக்கினால், அறையின் மறுகோடியிலே பின்னற் கம்பியிட்ட சாளரம் ஒன்று மங்கலாக வெளிப்படும். தாளின் ஓரம் ஒரு சட்டம். வாசல் அதனுட் சட்டம். சாளரம் அதற்கும் உள்ளே ஒரு சட்டம். ஆள் எவரும் இல்லை. ஆயினும் கூட்டிய ஒருவர் இப்பொழுதுதான் உள்ளே போயிருக்கின்றார், திரும்பி வருவார் என்னும் எண்ணம் பார்ப்பவருக்கு உண்டாகின்றது. நாமோ வெளியே நிற்கின்றோம். அழைக்கப்படவில்லை, விரட்டப்படவும் இல்லை.

டல்பற் இக்காட்சியை ஒரேயடியாகப் பெற்றுவிடவில்லை. இதே கருத்தைச் சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்திருக்கின்றார். முந்திய வடிவம் ஒன்றுக்கு அவருடைய அன்னையார் 'தும்புத்தடியின் தனிமொழி' என்று பொருள்படப் பெயரிட்டார். தாம் யாரைப் பின்பற்றினார் என்பதை டல்பற் மறைக்கவும் இல்லை. அன்றாட எளிய பொருள்களை வரைந்த ஒல்லாந்து ஓவியரின் மரபையே தமக்கு ஆதாரமாகக் காட்டினார். 17ஆம் நூற்றாண்டின் பீற்றர் டி ஹூக் என்னும் ஒல்லாந்து ஓவியர், அறைக்கு அப்பால் அறை, அதற்கு அப்பால் முற்றம், அதற்கும் அப்பால் தெரு என்று வாசல்களை அடுக்கி வரைந்தவர். ஸ்பெயின் தேசத்து வெலாஸ்குவெஸ் 1656இல் வரைந்த 'லாஸ் மெனினாஸ்' என்னும் பேரோவியத்திலோ, பின்சுவரில் ஒளிமிக்க வாசல் ஒன்றில் ஒருவர் படியில் நிற்க, அருகிற் கண்ணாடியில் அரசனும் அரசியும் தெரிகின்றனர். அப்படியானால் ஓவியத்தைப் பார்க்கும் நாம் நிற்பது அரசன் நின்ற இடத்திலா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரு வாசலும் ஒரு கண்ணாடியும் சேர்ந்து, பார்ப்பவரின் நிலையையே ஒரு கேள்வியாக ஆக்கிவிட்டன.

இனி, கமராவுடன் வாசலுக்கு எதிரே நிற்கும் இளைஞருக்குப் பயன்படும் சில செய்திகளைச் சொல்லுவேன்.

முதலாவது ஒளி. நம் கண் வெயிலையும் நிழலையும் மாறி மாறி நோக்கித் தன்னைச் சரிப்படுத்திக் கொள்வதால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. நண்பகல் முற்றத்துக்கும் அதனை அடுத்த உள்ளறைக்கும் இடையே எட்டுப் படி வேறுபாடு இருப்பது சாதாரணம். ஒளிப்படத்திலே ஒரு படி என்பது இருமடங்கு. ஆகவே எட்டுப் படி என்றால் 256 மடங்கு. முற்றத்துக்கு ஏற்ப ஒளியை அளந்தால் உள்ளறையும் நிலையும் கருத்துவிடும். உள்ளறைக்கு ஏற்ப அளந்தால் முற்றம் வெறும் வெள்ளையாகப் போய்விடும். முற்றத்துக்கு அளந்து, நிலையைக் கருமையாக விட்டுவிடுக என்பதே நூல்கள் கூறும் விதி. கைத்தொலைபேசியில் எடுப்பவர்கள் திரையிலே வெளிச்சமான பகுதியை விரலால் தொட்டால் இது நிகழும். இக்காலத்துத் தொலைபேசிகள் சில, வெவ்வேறு ஒளியளவிலான பல படங்களை ஒன்றாக்கி, இருளையும் வெளிச்சத்தையும் தாமாகவே சமப்படுத்திவிடுகின்றன என்பதையும் மறத்தல் ஆகாது. அவ்வாறு வரும் படத்தில் வாசல் இருக்கும். உள்ளும் புறமும் இருக்கமாட்டா.

இரண்டாவது தெளிவு. அண்மையிலுள்ள நிலையும் தொலைவிலுள்ள பொருளும் ஒருங்கே தெளிவாக வேண்டுமானால் வில்லையின் துவாரத்தைச் சுருக்க வேண்டும். 35 மில்லிமீற்றர் படச்சுருள் கமராவில் 35 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தி, துவார எண்ணை 16 ஆக்கி, இரண்டரை மீற்றரிற் குவியப்படுத்தினால், ஏறக்குறைய 1.3 மீற்றரிலிருந்து அடிவானம் வரை தெளிவாகக் கிடைக்கும். எல்லாப் படத்துக்கும் அது வேண்டும் என்பதில்லை. நிலை மங்கலாக இருந்தால் அதனூடாக எட்டிப் பார்க்கும் உணர்வு மிகும். தெளிவாக இருந்தால் அந்த நிலையும் கதையிற் பங்கு பெறும்.

மூன்றாவது, நிற்கும் தூரம். இதனைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் இதுவே யாவற்றிலும் முக்கியமானது என்பது என் கருத்து. ஒரு மீற்றர் அகலமான வாசலிலிருந்து இரண்டு மீற்றர் பின்னால் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். உங்களிலிருந்து 20 மீற்றருக்கு அப்பாலுள்ள காட்சியில் பத்து மீற்றர் அகலத்தை அவ்வாசல் உங்களுக்குக் காட்டும். இன்னும் இரண்டே மீற்றர் பின்னுக்குச் செல்லுங்கள். இப்பொழுது நீங்கள் வாசலிலிருந்து நான்கு மீற்றர். காட்சியிலிருந்து 22 மீற்றர். வாசல் காட்டும் அகலம் ஐந்தரை மீற்றராகச் சுருங்கிவிடும். காட்சியின் உருவளவு ஏறக்குறைய முன்போலவே இருக்க, வாசலோ பாதியாகின்றது. அதாவது, தொலைவிலுள்ள பனைகளில் எத்தனை வாசலுக்குள் அடங்கும் என்பதை உங்கள் கால்களே தீர்மானிக்கின்றன. நின்ற இடத்தில் நின்றபடி வில்லையை நீட்டிக் காட்சியைப் பெரிதாக்குவதால் இது கைகூடாது. அப்பொழுது வாசலும் பனையும் ஒரே அளவிற் பெருக்கும். பின்னே நடக்க இடமில்லாதவாறு சுவர் முதுகில் இடிக்கின்றதே என்று என் மாணவன் ஒருவன் முறையிட்டான். சுவர் இடிக்கும் இடத்திலிருந்து தெரிவதே அந்த அறையிலிருந்து தெரிவது என்று அவனுக்குச் சொன்னேன்.

மற்றவை சிறியவை. வாசலுக்கு அப்பால் நிற்பவரின் தலை மேற்கட்டையில் முட்டாமல் ஒரு சிறு வெளி இருத்தல் நல்லது. கமராவை அண்ணாந்து பிடித்தால் நிலைக்கால்கள் உள்நோக்கிச் சாயும். மரக்கிளை, வண்டிச் சில்லு, படகின் வளைவு, கண்ணாடி, நிழல் யாவும் சட்டமாகக் கூடும்; முழுமையாக வளைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

திரைப்படக்காரர் இவ்வமைப்பின் வலிமையை நன்கறிந்திருந்தனர். அமெரிக்க நெறியாளர் ஜோன் போர்ட் 1956இல் வெளியிட்ட 'த சேர்ச்சர்ஸ்' என்னும் படம், இருண்ட வீட்டினுள்ளே ஒரு கதவு திறந்து பாலைநிலம் தெரிவதுடன் தொடங்குகின்றது. கடைசியிலும் கமரா வீட்டினுள்ளேயே நிற்கின்றது. தேடிக் கண்ட பெண்ணுடன் எல்லோரும் வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட, அவளைத் தேடுவதில் ஆண்டுகளைக் கழித்த ஜோன் வெய்ன் மட்டும் வாசற்புறத்தே நிற்கின்றார், பின்பு திரும்பி நடக்கின்றார், கதவு சாத்தப்படுகின்றது. ஒரு சொல்லும் இன்றி, இவருக்கு வீடு இல்லை என்பதை அந்த வாசல் சொல்லிவிடுகின்றது. வங்காளத்துச் சத்தியஜித் ராயின் 'சாருலதா' 1964இல் வந்தது. 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் செல்வர் வீட்டு இளம் மனைவி, கையிலொரு சிறு தூரக்கண்ணாடியுடன் யன்னலுக்கு யன்னல் ஓடி, மரச்சட்டங்களை விலக்கித் தெருவிற் செல்வோரைப் பார்க்கும் அதன் தொடக்கக் காட்சியைக் கண்டவர் மறக்கமாட்டார். முன்னதில் வாசல் ஒருவரை வெளியே நிறுத்துகின்றது. பின்னதில் யன்னல் ஒருவரை உள்ளே நிறுத்துகின்றது.

வாசலும் யன்னலும் கட்டியவன் வைத்த துவாரங்கள். கட்டியவன் வைக்காத துவாரமும் சட்டமாகலாம். பிரான்சு தேசத்துக் கார்டியே பிரெசோன், 1933ஆம் ஆண்டு ஸ்பெயினின் செவில் நகரிலே எடுத்த படம் ஒன்று உலகறிந்தது. ஒரு சுவரிற் பிய்ந்த பெருந்துவாரம். அதனூடாக ஓர் இடிபாட்டுச் சந்து. அங்கே விளையாடிச் சிரிக்கும் சிறுவர்கள். அவர்களில் ஒருவன் ஊன்றுகோல்களுடன் முன்னே வருகின்றான். இதனைப் போர்க்காலப் படம் என்று எண்ணுவோர் பலர். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1936இலேயே தொடங்கியது. படமோ அதற்கு மூன்றாண்டு முந்தியது. இடிந்த சுவரைக் கண்டதும் நம் மனம் தானாகவே ஒரு போரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகின்றது. அந்தத் துவாரத்தின் கிழிந்த ஓரங்கள் இல்லாமற் சிறுவர்களை மட்டும் எடுத்திருந்தால், அது மகிழ்ச்சியான ஒரு விளையாட்டுப் படமாகவே இருந்திருக்கும்.

இந்தப் படத்தை எங்கள் பாடசாலை ஒளிப்பட மன்றத்திலே காட்டி நான் வியந்து பேசியதன் விளைவாக நேர்ந்த ஒன்றை இனிச் சொல்ல வேண்டும்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் இடம்பெயர்ந்த மக்களின் காணிகள், 2009இற் போர் முடிந்த பின்னர் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பிச் சென்றவர்களிற் பலர் கண்டது கூரையும் கதவும் யன்னலும் இல்லாத சுவர்களையே. எங்கள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மம்மாவின் வீடும் அவற்றுள் ஒன்று. மன்றத்துக்குப் படம் எடுத்து வருமாறு கூறியபொழுது, அவள் அவ்வீட்டுக்குச் சென்றாள். உள்ளறையில் நின்று, வாசலினூடாக, வெளியே பழைய குசினி இருந்த இடத்தில் நிற்கும் அம்மம்மாவை எடுத்து வந்தாள். வாசல் முழுக் கருமை. நடுவிலே வெயிலில் வெள்ளைச் சேலையுடன் முதியவர். நான் கற்பித்த விதிகள் ஒன்றேனும் பிசகவில்லை. படத்தைப் பெரிதாக அச்சிடுவித்து மண்டபத்திலே தொங்கவிட்டேன். பெற்றோர் நாளன்று அம்மம்மாவையும் அழைத்திருந்தோம்.

அவர் படத்தின் முன் நெடுநேரம் நின்றார். தம்மைப் பார்க்கவில்லை, ஓரங்களையே பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, "வாசலை எடுத்திருக்கிறாள் பிள்ளை. நிலை எங்கை, மாஸ்டர்?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. அவரே விளக்கினார். அந்த நிலை முதிரை மரம். வன்னியிலிருந்து வண்டியில் வந்தது. நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் சாத்தி, மாவிலை கட்டி, அவருடைய தகப்பனார் நிலை வைத்தார். அவர் மணமகளாக நின்றதும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அடியெடுத்து வைத்ததும் அந்த நிலைக்குள்ளேதான். திரும்பி வந்து பார்த்தபொழுது அது பெயர்க்கப்பட்டிருந்தது; கல் பல்லிளித்துக்கொண்டு நின்றது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இதிலை பார்த்தால் எல்லாம் இருக்கிற மாதிரியெல்லோ கிடக்குது" என்றார்.

மாணவியைத் தனியே அழைத்துக் கேட்டேன். படம் எடுத்தபொழுது வாசலோரம் இவ்வளவு கறுப்பாக இருந்ததா என்றேன். இல்லை என்றாள். ஓரத்திலே உடைந்த கற்களும் காரையும் நன்றாகத் தெரிந்தனவாம். சட்டம் கறுப்பாக இருக்க வேண்டும் என்று சேர் சொன்னீர்கள், ஆகையால் வீட்டுக்கு வந்து கணினியில் அதனை இருளாக்கினேன் என்றாள்.

அப்பொழுதுதான் நான் சிந்திக்கத் தவறியது எனக்குப் புலப்பட்டது. முற்றத்துக்கும் உள்ளறைக்கும் எட்டுப் படி வேறுபாடு என்று நான் கற்பித்தது கூரையுள்ள வீட்டுக்கு. கூரை இல்லாத வீட்டிலே வானத்தின் ஒளி உள்ளறைச் சுவரிலும் விழுகின்றது. நிழலிருந்தாலும் அது உள்வீட்டு இருள் அன்று. அவள் கமரா அதனை உள்ளபடியே பதிவு செய்திருந்தது. நான் கற்பித்த விதியோ, இல்லாத கூரையைப் போட்டு, இல்லாத நிலையையும் பொருத்தி, அழகான ஒரு வீட்டு வாசலை அங்கே உண்டாக்கிவிட்டது. கார்டியே பிரெசோனின் படத்தில் துவாரத்தின் கிழிந்த ஓரங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசிய நானே, என் கண்ணெதிரே இருந்த கிழிந்த ஓரத்தை அழித்ததற்குப் பாராட்டும் வழங்கியிருந்தேன். இடிபாடு படத்தில் எழிலாகத் தோன்றிவிடும் ஆபத்து எப்பொழுதும் உண்டு. சட்டத்துள் சட்டம் அந்த ஆபத்தைக் குறைக்கவும் வல்லது, கூட்டவும் வல்லது. எதைச் செய்கின்றது என்பதைப் பார்ப்பதற்கு ஓரத்தைப் பார்க்க வேண்டும், அம்மம்மா பார்த்ததுபோல.

அவள் மீண்டும் சென்றாள். இம்முறை நானும் துணை ஆசிரியை ஒருவரும் உடன் சென்றோம். ஆயினும் எதனையும் சொல்லுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டேன். பிற்பகலில் உள்ளறைச் சுவரின்மேல் வெயில் விழும் வரை காத்திருந்தாள். வாசலோரத்தின் கற்கள் ஒவ்வொன்றும், நிலையின் கட்டை செருகியிருந்த குழிகளும், மேலே சுவர் முடிந்து வானம் தொடங்குவதும் தெரியுமாறு சற்றுப் பின்னே சென்று எடுத்தாள். அந்தப் படம் முதற் படத்தைப்போல் எழிலானது அன்று. அம்மம்மா அதிற் சிறியவராக, சற்று ஒருபுறமாக நிற்கின்றார். மண்டபத்திற் பழைய படத்தைக் கழற்றிவிட்டு இதனைத் தொங்கவிட்டோம். பார்க்கும் பிள்ளைகள் முதலில் நோக்குவது அந்தக் குழிகளையே. அது என்ன சேர் என்று கேட்பார்கள்.

வீட்டுத் திருத்தவேலைகள் பின்னர் மெல்ல மெல்ல நடந்தன. அடுத்த ஆண்டு தை மாதத்திலே நாள் பார்த்து நிலை வைத்தார்கள். அன்றும் மாணவி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பினாள். புதிய நிலை, மஞ்சளும் குங்குமமும், மாவிலை, அதற்கு அப்பால் முற்றத்திலே மச்சான்மாரும் அயலவரும் நின்று உள்ளே பார்க்கின்றார்கள். அம்மம்மாவை அதிற் காணவில்லையே என்று கேட்டு எழுதினேன். அவர் வீட்டுக்குள்ளே தனக்குப் பின்னால் நின்றார், இன்னும் கொஞ்சம் தள்ளி நில் பிள்ளை என்று அவர்தான் இடம் சொன்னார் என்று அவள் பதில் எழுதியிருந்தாள்.